கலங்கல் சொல்லும் கணக்கு

ஃபோலேட்டை அளக்கக் கற்றுக்கொள்ள வரும் மாணவர்களை நான் முதலில் இரத்தம் எடுக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுவேன். லேபுக்குள் வருவதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வைட்டமினின் அளவீடு ஊசி முனையிலேயே தொடங்கிவிடுகிறது. வெளிச்சம் பட்டால் ஃபோலேட் சிதையும். காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடையும். அறைச் சூட்டில் டியூபை வைத்து மறந்துவிட்டால் மணிக்கு மணி குறையும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெஞ்சில் காத்திருக்கும் கர்ப்பிணியிடமிருந்து எடுத்த இரத்தம், நகரத்திலுள்ள ஃப்ரீசருக்கு வந்து சேர்வதற்குள் தன்னிடமிருந்த செய்தியில் பெரும்பகுதியை இழந்துவிடலாம். அப்புறம் எத்தனை கோடி ரூபாய்க் கருவியில் போட்டாலும் இழந்தது திரும்பாது.

ஆகவே ஐஸ் பெட்டியும், அலுமினியத் தாள் சுற்றிய டியூப்களும், அன்றைக்கென்று புதிதாகக் கரைத்த ஒரு சதவீத அஸ்கார்பிக் அமிலமும் இல்லாமல் நாங்கள் எங்கும் போவதில்லை. அஸ்கார்பிக் அமிலம் என்றால் வைட்டமின் சிதான். ஒரு வைட்டமினைக் காக்க இன்னொரு வைட்டமினைக் காவலுக்குப் போடுகிறோம். இரத்தத்தை அதில் பத்து மடங்குக்கு நீர்த்தால் சிவப்பணுக்கள் வெடித்து உள்ளிருக்கும் ஃபோலேட் வெளியே வரும். அஸ்கார்பிக் அமிலம் அதை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும். அதே நேரம் பிளாஸ்மாவில் இயல்பாகவே உள்ள ஒரு நொதி, ஃபோலேட்டின் நீண்ட வாலை வெட்டிச் சிறியதாக்கும். அந்த நொதிக்கு அரை மணி நேரமாவது கொடுக்க வேண்டும். சீக்கிரம் உறைய வைத்தால் வால் அறாது. நேரம் கடத்தினால் வைட்டமின் அழியும். எப்போது விரைய வேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும் என்பது இந்த வேலையில் கைப்பழக்கமாக வரவேண்டிய முதல் பாடம்.

இரத்தம் எடுக்கும் சிஸ்டரின் கைத்திறன் எங்கள் முடிவுகளில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஆய்வுக் கட்டுரைகள் சொல்வதில்லை. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஃபோலேட், வெளியே சீரத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ முப்பது மடங்கு. நரம்பைத் தேடித் தேடிக் குத்தி, சிரிஞ்சை வேகமாக இழுத்தால் சில அணுக்கள் உடையும்; சீரம் லேசாகச் சிவக்கும்; ஃபோலேட் பற்றாக்குறையுள்ள பெண் காகிதத்தில் நல்ல ஊட்டத்தோடு இருப்பவளாகிவிடுவாள். வைக்கோல் நிறத்தில் தெளிவாக வந்த சீரத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனம் நிறைந்துவிடும்.

சீரத்தில் தெரிவது இரண்டு மூன்று நாள் சாப்பாட்டின் தடம். சிவப்பணு அப்படியல்ல. எலும்பு மஜ்ஜையில் அது உருவாகும்போது உள்ளே போன ஃபோலேட், அது வாழும் ஏறத்தாழ 120 நாளும் அங்கேயே தங்குகிறது. சீரம் கையிலிருக்கும் சில்லறை. சிவப்பணு வங்கிப் புத்தகம். இரத்தம் எடுக்கும் முகாமுக்கு வருவதற்கு முதல் நாள் விருந்து சாப்பிட்டவரையும், வாரக்கணக்காகக் கீரையும் பயறும் கண்ணில் காணாதவரையும் பிரித்துப் பார்க்க இரண்டையும் அளந்தாக வேண்டும்.

இனி எங்கள் கருவி. அது ஒரு கிருமி. லாக்டோபேசிலஸ் காசீ என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு, இப்போது ராம்னோசஸ் என்ற இனத்தில் சேர்க்கப்பட்டுள்ள பாக்டீரியா. தயிரைப் புளிக்கவைக்கும் கிருமிகளின் உறவுக்காரி. அவளுக்கு ஃபோலேட்டைத் தானாகச் செய்துகொள்ளத் தெரியாது. சர்க்கரை, அமினோ அமிலங்கள், தாது உப்புகள், மற்ற பி வைட்டமின்கள் என்று எல்லாம் கலந்து, ஃபோலேட்டை மட்டும் விட்டுவிட்டு ஒரு மீடியம் தயாரிக்கிறோம். அதில் அவளை விட்டால் வளரமாட்டாள். நீர்த்த இரத்தத்தில் ஒரு சிறு அளவைச் சேர்த்து 37 டிகிரியில் இரண்டு இரவு வைத்தால், கிடைத்த ஃபோலேட்டின் அளவுக்குத் தக்கபடி பெருகுவாள். தெளிந்திருந்த மீடியம் கலங்கும். அந்தக் கலங்கலை ஒளியால் அளந்து, தெரிந்த அளவு ஃபோலேட் போட்ட குழிகளின் கலங்கலோடு ஒப்பிட்டால் விடை வரும். ஒரு மில்லி சீரத்தில் சில நானோகிராம் மட்டுமே இருக்கும் பொருளை, அதையும் பல மடங்கு நீர்த்த பிறகு, இவ்வளவு மலிவாகவும் நுட்பமாகவும் அளக்கும் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஃபோலேட் என்பது ஒரே பொருளன்று, ஒரு குடும்பம். ஒரு டெரிடின் வளையம், நடுவில் பாரா அமினோ பென்சாயிக் அமிலம், கடைசியில் குளூட்டமிக் அமிலம். இந்த மூன்றும் எல்லாவற்றுக்கும் பொது. குளூட்டமிக் அமிலம் ஒன்றாகவும் இருக்கும், ஐந்தாறு கோத்த வாலாகவும் இருக்கும். வளையத்தின் மேல் மெத்தில், ஃபார்மில் என்று ஒற்றைக் கரிமத் துண்டுகள் ஏறி இறங்கும். இந்தக் கரிமத்தைச் சுமந்துபோய் டிஎன்ஏவின் எழுத்துகளைச் செய்யக் கொடுப்பதுதான் உடலில் இதன் வேலை. ஒவ்வொரு கிருமிக்கும் இந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவரைப் பிடிக்கும். எங்கள் லாக்டோபேசிலஸ் மெத்தில் வடிவம் உட்பட ஏறக்குறைய எல்லாவற்றையும் உண்பாள், வால் மூன்றுக்கு மேல் நீளாதவரை. எண்டெரோகாக்கஸ் கிருமி மெத்தில் வடிவத்தைத் தொடாது. பீடியோகாக்கஸுக்கு ஃபார்மில் வகைகள் வேண்டும். ஒரே சாம்பிளை மூன்று கிருமிகளுக்கும் கொடுத்து, யார் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று பார்த்தே முந்தைய தலைமுறையினர் இந்தக் குடும்பத்தைப் பிரித்தறிந்தார்கள். நிறமாலைமானி எல்லா இடங்களுக்கும் வருவதற்கு முன் நடந்த வேலை அது.

ஃபோலேட்டைக் கண்டுபிடித்ததிலும் கிருமிக்குப் பங்குண்டு. ஆனால் கதை அதற்கு முன்பே, நம் ஊர்ப் பெண்களின் இரத்தத்தில் தொடங்குகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணியாலையில் வேலை பார்த்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் கடுமையான இரத்தசோகை வந்தது. சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து உருவில் பெருத்திருந்தன. 1929ல் வில்ஸ் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை செய்தார். 1931 தொடக்கத்தில் சென்னையில், இன்றும் திருவல்லிக்கேணிக்காரர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் மருத்துவமனையில் இருந்தார். ஈரல் சாறு இந்த நோயைக் குணப்படுத்தியது, ஆனால் விலை அதிகம். அதைவிட மலிவான ஈஸ்ட் சாறும் குணப்படுத்துகிறது என்று 1931ல் எழுதினார். அவர் பயன்படுத்தியது மார்மைட், அதாவது பீர் தயாரித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து வடித்த கரும் பசை. அதிலிருந்த பெயரில்லாப் பொருளைப் பிற்பாடு ‘வில்ஸ் காரணி’ என்றார்கள். ஏழைப் பெண்ணுக்குக் கட்டுப்படியாகும் மருந்தைத் தேடிப்போன வழியில் கிடைத்த கண்டுபிடிப்பு அது. எந்தக் கேள்வி ஆய்வு செய்யத் தகுந்தது என்று மாணவர்கள் கேட்டால் நான் வில்ஸைப் படிக்கச் சொல்கிறேன்.

அடுத்த பத்தாண்டில் கிருமிகள் வந்தன. 1941ல் டெக்சாஸில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகியோர் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து, கிருமி வளர்ச்சியை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, ஒரு பொருளைச் செறிவாக்கி ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரிலிருந்த லெடர்லி ஆய்வகம் ஈரலிலிருந்து பிரித்தெடுத்ததற்கு ‘லாக்டோபேசிலஸ் காசீ காரணி’ என்றே பெயர். 1945ல் அதைச் செயற்கையாகத் தயாரித்த அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, உடன்பிறந்தோரை ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்குப் பறிகொடுத்து, 1922ல் பாஸ்டனுக்குக் கப்பலேறியவர். ஸ்ப்ரூவில் வரும் இரத்தசோகைக்கு ஃபோலிக் அமிலமே மருந்தானது. ஃபோலேட்டின் உருவத்தைச் சற்றே மாற்றி, கிருமியையும் புற்று அணுவையும் ஏமாற்றும் அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும் அதே ஆய்வகத்தில் பிறந்தன. 1948ல் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றைத் தற்காலிகமாகவேனும் பின்வாங்க வைத்தது அமினோப்டெரினால். எம்எஸ்சி மாணவர்கள் பாஸ்பரஸை அளக்கும் ஃபிஸ்கே சுப்பாராவ் முறையில் நீல நிறம் எழும்போதெல்லாம் அந்தப் பெயரை உரக்கச் சொல்லச் சொல்வேன். சென்னையில் படித்த ஒருவரின் பெயரை நம் பிள்ளைகள் ஒரு வினைப்பொருளின் பெயராக மட்டும் தெரிந்துவைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கிருமியை வைத்து வேலை செய்வதற்குப் பொறுமை வேண்டும், துப்பறியும் கண்ணும் வேண்டும். கண்ணாடிப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் எச்சமே ஸ்டாண்டர்டைக் கெடுக்கப் போதும். தட்டிலுள்ள 96 குழிகளில் ஓரத்திலிருப்பவை சீக்கிரம் வற்றும். அவற்றின் ரீடிங்கை நம்பக்கூடாது. படிப்பதற்கு முன் அடியில் படிந்த கிருமியைக் கலக்கிவிட வேண்டும். குளோராம்ஃபெனிகால் என்ற கிருமிக்கொல்லியைத் தாங்கும் வகையை வளர்த்து, கிளிசரால் கலந்து உறைய வைத்துக்கொண்டால், மீடியத்தில் அந்த மருந்தைப் போட்டு மற்ற கிருமிகளை விலக்கிவிடலாம். ஒவ்வொரு டியூபையும் தீயில் வாட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் நோயாளி சாப்பிட்ட மருந்து வேறு கதை. “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று கேட்டால் “ஒண்ணுமில்லம்மா, சளிக்குக் கடையில ஒண்ணு வாங்கினேன்” என்பார்கள். அந்த ஒன்று கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லியாக இருந்தால் எங்கள் கிருமி முடங்கும். ஃபோலேட் நிறைய இருந்தும் இல்லை என்று விடை வரும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. ஒரே சாம்பிளைப் பல நீர்ப்புகளில் போட வேண்டும். நீர்ப்பு கூடக் கூட, கணக்கிட்டு வரும் அளவும் ஏறிக்கொண்டே போனால், உள்ளே ஏதோ தடுக்கிறது என்று பொருள். மருந்து மெலிய மெலியக் கிருமி தலைதூக்குகிறது. ஒரே நீர்ப்பில் ஒரே எண்ணை வாங்கி அனுப்பும் லேபுக்கு இது தெரியவே தெரியாது.

சாப்பாட்டை அளப்பது இரத்தத்தை அளப்பதைவிடக் கடினம். கீரையிலும் பயறிலும் ஃபோலேட் நீண்ட வாலோடு, மாவுச்சத்திலும் புரதத்திலும் சிக்கிக் கிடக்கும். வாலை வெட்டும் நொதியோடு, மாவுச்சத்தைக் கரைக்க ஒன்று, புரதத்தைக் கரைக்க ஒன்று என மூன்று நொதிகளால் பிரித்தெடுத்தால்தான் முழுக்க வெளியே வருகிறது. அதற்கு முந்தைய அட்டவணைகள் பல உணவுகளைக் குறைத்தே மதிப்பிட்டன. வைட்டமின் தண்ணீரில் கரைவது. கீரையை வேகவைத்து நீரை வடித்தால் சாக்கடையில் போகிறது. நீரையும் சேர்த்துக் கடையும் நம் கீரை மசியல் அந்த வகையில் அருமையான சமையல். பயறை ஊறவைத்த தண்ணீரை ஊற்றிவிட்டாலும் ஒரு பங்கு போகும். இட்லி மாவு புளிக்கும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் ஃபோலேட்டை உண்டாக்குகின்றன, வேகும்போது ஒரு பகுதி அழிகிறது. அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்த இரவிலிருந்து தட்டில் வந்த இட்லிவரை அதன் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து பார்த்த நாட்கள் என் ஆராய்ச்சி வாழ்வின் இனிமையான பகுதி.

இத்தனையும் ஃபோலேட்டைப் பற்றி. ஆனால் ஃபோலேட்டை மட்டும் படிக்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு நெருடும். அந்த வைட்டமின் தனியாக எதுவும் செய்வதில்லை. செரினிலிருந்து ஒற்றைக் கரிமத்தை வாங்கி அதன் மேல் ஏற்றும் நொதிக்கு பி6 வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அப்பாஜி ராவ் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த நொதி அது. அந்தக் கரிமத்தை மெத்திலாக மாற்றும் நொதிக்கு பி2, அதாவது ரைபோஃபிளேவின். 1995ல் மான்ட்ரியலில் ரீமா ரோசன் குழு இந்த நொதியில் பலரிடம் காணப்படும் ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டது. இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களின் நொதி பி2ஐப் பிடித்துக்கொள்ள முடியாமல் தளர்கிறது. இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏறுகிறது. அப்படிப்பட்டவர்களுக்குச் சிறு அளவு ரைபோஃபிளேவினே ஹோமோசிஸ்டீனைக் குறைக்கிறது என்று வட அயர்லாந்தில் ஹெலீன் மெக்நல்டி குழு 2006ல் காட்டியது. மரபணுவில் உள்ள குறையை ஒரு சாதாரண வைட்டமின் தாங்கிப் பிடிக்கிறது. பாலும் முட்டையும் குறைவாகச் சாப்பிடும் நம்மிடையே ரைபோஃபிளேவின் பற்றாக்குறையைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுகிறோமே என்பது என் நீண்டகால வருத்தம்.

எல்லாவற்றிலும் நெருக்கமான உறவு பி12உடன். மெத்தில் ஏறிய ஃபோலேட் அதை இறக்கிவைக்க ஒரே வழி, பி12 கொண்டு இயங்கும் மெத்தியோனின் சிந்தேஸ் நொதி. பி12 இல்லையென்றால் ஃபோலேட் மெத்தில் வடிவத்திலேயே சிக்கிக்கொள்கிறது. திரும்பிப் போகவும் பாதையில்லை. மெத்தில் பொறி என்பது இதைத்தான். அந்த வடிவத்துக்கு வால் சேர்க்க முடியாது என்பதால் அணுவுக்குள் தங்காமல் வெளியே கசிகிறது. விளைவு விசித்திரமானது: சீரத்தில் ஃபோலேட் தாராளமாகத் தெரியும், சிவப்பணுவிலோ குறைவாக இருக்கும். சீரம் எண்ணை மட்டும் பார்ப்பவர் “நன்றாக இருக்கிறது” என்பார். சிவப்பணு எண்ணை மட்டும் பார்ப்பவர் “ஃபோலிக் அமிலம் கொடுங்கள்” என்பார். கொடுத்தால் இரத்தசோகை மறையும். பி12 பற்றாக்குறையால் நரம்பில் நடக்கும் சேதமோ தொடரும். 1940களின் இறுதியிலேயே மருத்துவர்கள் கண்டு எச்சரித்தது இது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஜான் ஸ்காட்டும் டொனால்ட் வியரும் நைட்ரஸ் ஆக்சைடால் பி12ஐச் செயலிழக்கச் செய்த குரங்குகளிடம் அதே தண்டுவடச் சேதத்தை உண்டாக்கி, மெத்தியோனின் கொடுத்தால் அது தடுக்கப்படுகிறது என்று 1981ல் காட்டினார்கள். மெத்தில் பொறியைப் பாடமாக நடத்தும்போது இந்தச் சோதனைக்கு நான் ஒரு முழு வகுப்பை ஒதுக்கிவிடுவேன்.

பி12 செடிகொடியில் கிடையாது. பாலும் மீனும் முட்டையும் கறியும் எட்டாத வீட்டிலும், எட்டியும் விலக்கிய வீட்டிலும் அது குறைகிறது. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்ஞிக் குழு கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, தாய்க்கு பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்த பிள்ளைகளிடம் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாக இருந்ததை 2008ல் வெளியிட்டது. அதனால்தான் ஃபோலேட் கேட்டு வரும் எந்தச் சாம்பிளையும் பி12 அளக்காமல் எங்கள் லேப் திருப்பி அனுப்புவதில்லை.

எண் எப்படிப் பெறப்பட்டது என்பதில் நான் காட்டும் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. கருவுற்று 28 நாளுக்குள் சிசுவின் நரம்புக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் தண்டுவடமோ மூளையோ குறைபட்டுப் பிறக்கும். பெரும்பாலான பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்று அப்போது தெரிந்தே இருக்காது. ஏற்கனவே அப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பெற்ற தாய்மாருக்குக் கருவுறும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தால் மீண்டும் நேர்வது 72 சதவீதம் குறைகிறது என்று 1991ல் பிரிட்டிஷ் ஆய்வு நிறுவியது. 1995ல் டப்ளின் குழு, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் சேமித்த இரத்தத்திலிருந்து, சிவப்பணு ஃபோலேட் எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து மிகக் குறைகிறது என்று காட்டியது. 2015ல் உலக சுகாதார நிறுவனம் மக்கள்தொகை அளவில் பரிந்துரைத்த லிட்டருக்கு 906 நானோமோல் அங்கிருந்து வருவதுதான். லாக்டோபேசிலஸை வைத்துப் பிறந்த எண் அது. வேறு கிட்டில் அளந்து அந்த எண்ணோடு ஒப்பிடுவது பொருந்தாது. கிருமி முறையிலேயேகூட, ஸ்டாண்டர்டாக ஃபோலிக் அமிலத்தை வைத்தால் ஒரு விடை, மெத்தில் வடிவத்தை வைத்தால் வேறு விடை.

ரேஷனில் செறிவூட்டிய அரிசி வரத் தொடங்கியது. விதிப்படி ஒரு கிலோவில் 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும், 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12உம் இருக்க வேண்டும். பி12ஐச் சேர்த்தது மிகச் சரியான முடிவு. ஆனால் நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிடும் பெண்ணுக்கு ஃபோலிக் அமிலம் 30 மைக்ரோகிராம் அளவில்தான் கிடைக்கும். கருவுறும் முன் தேவை என்று சொல்லப்படுவது நாளுக்கு 400. அமெரிக்காவில் 1998 முதல் மாவில் கட்டாயமாக்கியது கிலோவுக்கு 1,400 மைக்ரோகிராம். ஆகவே அரிசி வந்துவிட்டது, நரம்புக்குழாய்க் குறை தீர்ந்துவிடும் என்று நம்பி உட்கார முடியாது. பள்ளிகளில் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒன்றாகக் கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை நான் உயர்வாக மதிக்கிறேன். கர்ப்பம் பதிவு செய்த பிறகு கொடுக்கும் மாத்திரை தாயின் இரத்தத்துக்கு உதவும். நரம்புக்குழாய்க்கு அது வந்து சேரும் நேரம் தாமதம்.

எங்கள் லேபில் இப்போது நிறை நிறமாலைமானியும் இருக்கிறது. கிருமியால் முடியாத ஒன்றை அது செய்கிறது: மாத்திரையிலிருந்து வந்து உடலால் மாற்றப்படாமல் மிதக்கும் ஃபோலிக் அமிலத்தை, மெத்தில் ஃபோலேட்டிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. லாக்டோபேசிலஸுக்கு இரண்டும் ஒன்றே. மறுபுறம், அந்த இயந்திரம் நாம் தேடச் சொன்ன வடிவங்களை மட்டுமே தேடும். ஒரு உயிரால் பயன்படுத்த முடிந்ததை எல்லாம் சேர்த்துச் சொல்வது கிருமிதான். அதனால் ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டிலும் போடுகிறோம். இரண்டும் ஒத்துப்போகாதவற்றை ஃப்ரீசரில் தனித் தட்டில் வைத்திருக்கிறோம். மருந்து தடுத்ததா, இயந்திரத்தின் பட்டியலில் இல்லாத வடிவம் ஏதும் இருக்கிறதா, வால் முழுக்க அறவில்லையா என்று ஒவ்வொன்றையும் திரும்ப நீர்த்து, திரும்ப வெட்டி, பி12 அளவையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு பார்க்கும் வேலையை ஒரு மாணவி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.